எங்கள் பிள்ளைகளின் கொப்பியைத் திருப்பி அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டித்வா புயல் வந்துபோய் ஆறு மாதமானதையொட்டி நீங்கள் வெளியிட்ட இளைஞர் பக்கங்களை வாசித்தேன். படங்களும் அச்சும் நன்றாக வந்திருக்கின்றன, அதில் குறை சொல்வதற்கில்லை. அதில் பேசிய கொழும்பு மாணவர் ஒருவர், "எச்சரிக்கை கொடுத்தும் அந்த மக்கள் ஏன் வெளியேறவில்லை என்று நாம் சிந்திக்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். அதைப் பெரிய எழுத்தில், சுற்றிக் கட்டம் போட்டு, பக்கத்தின் நட்டநடுவில் வைத்திருக்கிறீர்கள். அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபமில்லை. அவர் மலையைப் பார்த்தது தொலைக்காட்சியில். கட்டம் போட்டவருக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் பதுளை மாவட்டம் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறேன். லயத்தில், தோட்டத் தொழிலாளருக்கென்று கட்டிய வரிசை வீட்டுக் காம்பராவில், பிறந்தவள். அம்மா கொழுந்து பறித்தவர், அப்பா கவ்வாத்து வெட்டியவர். இதையெல்லாம் சொல்வது அனுதாபத்துக்காக இல்லை. வெளியேறுவது என்றால் என்ன என்று உங்கள் கட்டத்துக்குள் இருக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்பதற்காக.

2025 நவம்பர் 27, வியாழக்கிழமை இரவு. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. எச்சரிக்கை எங்களுக்கு எந்த மொழியில், எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தது என்பதைப் பத்திரிகை நடத்தும் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சரி, வந்தது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே போவது? மேலே போனால் தேயிலை மலை. கீழே போனால் ஆறு. பக்கத்து லயமும் அதே சரிவில்தான் இருக்கிறது. பெரிய கட்டடம் என்று இருப்பது பாடசாலை ஒன்றுதான், அதற்குப் போகும் பாதை மண்மேட்டுக்கு அடியால் போகிறது. இருட்டில், கால் வராத ஆத்தாவைத் தூக்கிக்கொண்டு, கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு அந்தப் பாதையில் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களைத்தான் "ஏன் வெளியேறவில்லை" என்று கேட்கிறீர்கள். விடிந்தால் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போக வேண்டும், போகாவிட்டால் பேர் விழாது, அன்றைய சம்பளம் இல்லை என்ற பயம் அந்த இரவிலும் சிலருக்கு இருந்தது. சிரிப்பாக இருக்கிறதா? எங்கள் கீழ் லயத்தில் மண்ணோடு போனவர்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. எழுதத் தொடங்கினால் இந்தக் கடிதத்தை என்னால் முடிக்க முடியாது.

நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்களைப் பறிகொடுத்தோம். அதில் மலைநாட்டின் பங்கு எவ்வளவு என்று உங்கள் பத்திரிகையே அட்டவணை போட்டது. அப்படியிருக்க, உங்கள் இளைஞர் பக்கங்களில் ஒரு தோட்டத்துப் பிள்ளையின் முகம்கூட இல்லாதது எப்படி? "இயற்கை அன்னையின் சீற்றம்" என்று ஒரு கவிதை இருக்கிறது. "மீண்டெழுவோம்" என்று இன்னொன்று. இரண்டையும் எழுதிய பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். ஆனால் எங்கள் பிள்ளைகளும் எழுதி அனுப்பினார்கள், ஐயா. நீங்கள் அறிவித்தல் போட்டதைப் பார்த்துத்தான் அனுப்பினார்கள். உயர்தரம் படிப்பவர்கள், படித்துவிட்டு வீட்டில் இருப்பவர்கள், கொழும்பில் வேலை செய்பவர்கள் என்று எல்லோரும் கோயில் மண்டபத்தில் கூடி, ஒரே கொப்பியில் ஆளுக்குக் கொஞ்சமாக எழுதினார்கள். நான் எழுத்துப் பிழை மட்டும்தான் பார்த்தேன். பதிவுத் தபாலில் உங்கள் முகவரிக்கு வந்தது. உங்கள் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

அதில் என்ன இருந்தது என்று நீங்கள் திறந்து பார்த்தீர்களோ தெரியாது. புடவைக்கடையில் வேலை செய்யும் பையன் ஒருவன், வீட்டுக்குப் போன் போகாமல் இரவெல்லாம் கடை வாசலில் இருந்ததையும், பஸ் போன இடம்வரை வந்து மிச்சத்தை நடந்து வந்ததையும் எழுதியிருந்தான். லயம் இருக்கும் திருப்பத்துக்கு வந்தபோது, பாதை மாறி வந்துவிட்டேனோ என்று நினைத்தானாம். உயர்தரப் பரீட்சை பாதியில் நின்றபோது அனுமதி அட்டை, கொப்பி, சீருடை எல்லாம் மண்ணுக்குள் போன ஒரு பிள்ளை, ஜனவரியில் மிச்சப் பாடங்களை இரவல் வெள்ளைச் சட்டையோடு எழுதியதைப் பற்றி எழுதியிருந்தாள். அழுதேன் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. சட்டையின் கை நீளம், எழுதும்போது விடைத்தாளில் பட்டுக்கொண்டே இருந்தது என்று எழுதியிருந்தாள். நான் தமிழ் வாத்தியார். எது நல்ல எழுத்து என்று எனக்கும் கொஞ்சம் தெரியும்.

இன்னொருவன் படம் வரைந்திருந்தான். மலை, அதில் தேயிலை, தேயிலைக்கு ஊடாகக் குறுக்கே போகும் கான்கள். அவனுடைய தாத்தா அந்தக் காலத்தில் கான் வெட்டியவர். மழைக்கு முன்னால் கானைத் துப்புரவாக்கினால் தண்ணீர் கான் வழியே ஓடி ஆற்றுக்குப் போகும். இப்போது அந்த மலை காடேறிக் கிடக்கிறது, கானெல்லாம் தூர்ந்துவிட்டது, தண்ணீர் ஓட வழியில்லாமல் மண்ணுக்குள் இறங்குகிறது. மண் சரிவதற்கு இரண்டு நாளுக்கு முன்னரே பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீர் கலங்கிச் சிவப்பாக வந்ததையும், கடைசிக் காம்பராவின் கதவு நிலையில் இறுகித் திறக்க மறுத்ததையும் பக்கத்தில் குறித்திருந்தான். மண் நகரப்போகிறது என்பதற்கு அதைவிட வேறு என்ன அடையாளம் வேண்டும்? கொழும்பிலிருந்து நிபுணரைக் கூப்பிட்டு அரைப் பக்கம் பேட்டி போட்டீர்களே, அவர் சொன்னதும் இதைத்தான். இந்தப் பையன் பேனையால் வரைந்து சும்மா அனுப்பியிருந்தான்.

எனக்கு இந்தக் கேள்வி புதிதும் இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனபோதும் இதே கேள்விதான். 2005இலும் 2011இலும் எச்சரித்தோமே, ஏன் போகவில்லை? அப்போது நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிது. பாடசாலையில் தங்கவைத்திருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போனேன். போகச் சொன்னவர்கள் போக ஓர் இடத்தைக் காட்டினார்களா என்று அங்கே ஒரு பாட்டி கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. மண்ணுக்குள் போன எல்லோரையும் கடைசிவரை எடுக்கவும் இல்லை. அதன்பிறகு 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் சரிந்தது. அதுவும் உங்களுக்குத் தெரியும், செய்தி போட்டீர்கள்.

இடம் என்று வந்தால் கதை எங்கள் குடியுரிமையைப் பறித்த 1948இல் போய் நிற்கும், அதை நான் இங்கே இழுக்கவில்லை. நிலம் அரசாங்கத்துடையது. 1992இலிருந்து நிர்வாகம் கம்பெனிகளின் கையில். லயம் தோட்டத்துடையது. எங்களுடையது என்று சொல்ல அடுப்பும் பாத்திரமும்தான். வீட்டைத் துப்புரவாக்க அரசாங்கம் 25,000 ரூபா கொடுக்கிறது என்று கேள்விப்பட்டு எங்கள் ஆட்கள் ஓர் அலுவலகத்துக்குப் போனார்கள். ஒரே காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்தால் யார் வீட்டுக்காரர் என்று அங்கே கேட்டார்களாம். காணி உறுதி இருக்கிறதா என்றும் கேட்டார்களாம். உறுதி! இருந்திருந்தால் அந்த மண்மேட்டுக்கு அடியில் ஏன் படுக்கிறோம்? வீடு கட்ட எங்களுக்குத் தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச்சஸ் காணியைப் பற்றி நான் முன்பு எழுதிய கடிதத்தை நீங்கள் நான்கு வரியாகச் சுருக்கிப் போட்டீர்கள், ஞாபகம் இருக்கலாம். தோட்டத்தை நடத்தும் துரைமாரைப் பற்றிய வரி மட்டும் எப்படியோ காணாமல் போயிருந்தது. ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்காக நாங்கள் பாதையில் நின்ற காலத்தில், 'மலையகப் பாதைகளில் வாகன நெரிசல்' என்று தலைப்புப் போட்டவர்களும் நீங்கள்தான். 2023இல், எங்கள் முன்னோர் இந்தியாவிலிருந்து வந்து 200 வருடமானதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை எங்கள் ஆட்கள் நடந்தபோது, நடந்தவர்களின் கால்களைப் படம் எடுக்காமல், சிரித்துக்கொண்டு கொழுந்து பறிக்கும் பெண்ணின் படத்தைப் போட்டீர்கள். அந்தப் படம் உங்கள் அலுவலகத்தில் சுவரில் தொங்குகிறதோ என்று எங்களுக்குள் பேசிக்கொள்வோம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், யாராவது எழுதாவிட்டால் அதுவும் போய்விடும். எங்களுக்கு முதலில் சோறு கொண்டுவந்தவர்கள் பக்கத்துச் சிங்களக் கிராமத்துப் பையன்கள். பாதை போன இடத்தில் கயிறு கட்டி, அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுடைய வீடுகளிலும் சேதம்தான். அதுவும் கொப்பியில் இருக்கிறது, அந்தப் பையன்களில் ஒருவன் தன் கையால் சிங்களத்தில் எழுதிய அரைப் பக்கத்தோடு. இளைஞர் பக்கத்துக்கு அது பொருந்தவில்லைப் போலிருக்கிறது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். பிரசுரிக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அந்த ஆசை எங்கள் பிள்ளைகளுக்குப் போய்விட்டது. கொப்பியைத் திருப்பி அனுப்புங்கள். அதன் பின்பக்கங்களில், மிச்சமிருக்கும் மேல் லயத்தின் சுவர் வெடிப்பையும் முற்றத்து வெடிப்பையும் பிள்ளைகள் அடிமட்டம் வைத்து அளந்து, வாரா வாரம் தேதி போட்டு எழுதியிருக்கிறார்கள். இடத்தைப் பார்க்க அதிகாரிகள் வரப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வந்தால் காட்டுவதற்கு எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான். இப்போது ஒரு வெற்றுத்தாளில் தொடர்ந்து அளந்துகொண்டிருக்கிறார்கள், ஆனால் பழைய கணக்கு இல்லாமல் புதிய கணக்கை வைத்து என்ன செய்வது?

பதிவுத் தபாலுக்கான முத்திரைகளை இத்துடன் இணைத்திருக்கிறேன். பாடசாலை முகவரிக்கு அனுப்பினால் போதும். நீல மட்டை போட்ட கொப்பி, மேலே ஒரு மூலையில் மண் கறை இருக்கும். உங்கள் மேசைகளில் தேடினால் கிடைக்கும்.

இப்படிக்கு,
தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருவர்,
பசறை.