ஒழுங்கை முகப்பில் ஒரு புள்ளிமான்

திருகோணமலை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து நீ மீண்டும் தூரிகையைக் கையில் எடுத்திருப்பது எனக்குப் பெரும் ஆறுதல். இங்கு அனைவரும் நலம்.

திருக்கடலூரில் எங்கள் ஒழுங்கை முகப்பில், குப்பை குவிந்து கிடந்த அதே மூலையில், இப்போது ஒரு புள்ளிமான் நிற்கிறது. வாடை ஓய்ந்த மாசி மாதத்தில், கடற்கரையிலும் கழிவுநீர்க் கானிலும் பொறுக்கியவற்றைக் கொண்டு சனசமூக நிலையத்துப் பிள்ளைகளும் கடற்றொழிலாளர் சிலரும் சேர்ந்து அதைச் செய்தார்கள். ஏன் மான் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பிரெட்ரிக் கோட்டைக்குள் நாம் பழம் ஊட்டிய மான்களின் வழிவந்தவை, இன்று தெருவோரங்களில் சோறு ஒட்டிய பொலித்தீனைத் தின்று, அது இரைப்பையில் அடைத்து மடிகின்றன. சோற்றுப் பொதி சுற்றும் பொலித்தீன் தாளான லஞ்ச் சீற் 2017 இலேயே தடைசெய்யப்பட்டது. ஆனாலும் எங்கள் கானில் பொலித்தீன் குறையவில்லை.

கம்பிக்கூட்டின் மேல் கிழிந்த நைலோன் வலையைச் சுற்றியதால் மான் நீலப்பச்சையாக இருக்கிறது. வர்ணம் பூச வேண்டாம் என்று பிள்ளைகள் உறுதியாக நின்றார்கள். அவர்கள் சொன்னதே சரி. புள்ளிகள் எல்லாம் வெள்ளைப் போத்தல் மூடிகள். போத்தலைவிட மூடி ஏன் கரையில் அதிகம் கிடக்கிறது என்று ஒரு சிறுமி கேட்டாள். மூடி மிதக்கும், நீர் புகுந்த போத்தல் அமிழ்ந்துவிடும் என்று விளக்கியபோது, அவள் கடலின் அடியை நினைத்து நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

ஒரு பெரிய தவறும் நேர்ந்தது. வாலையும் காதுகளையும் சொப்பிங் பைகளால் பின்னியிருந்தோம். நான்கு மாத வெயிலில் அவை நொறுங்கி, கச்சான் காற்றில் துகள்களாகப் பறந்து, நாங்கள் பொறுக்கிய கடற்கரைக்கே திரும்பிச் சென்றன. அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. குப்பையை மீண்டும் குப்பையாக உதிர்க்கும் சிற்பத்தைக் கலை என்று நான் ஏற்கமாட்டேன். எஞ்சிய பைகளைப் போத்தல்களுக்குள் இறுக அடைத்து, பீடத்தினுள் வைத்துச் சீமெந்து பூசிவிட்டோம். வலையும் ஒருநாள் நொய்ந்துபோகும். அதற்கு முன் மாற்றியாக வேண்டும்.

சண்டிகாரில் நேக் சந்த் கழிவுப்பொருட்களால் அமைத்த பாறைத் தோட்டத்தைப் பார்த்துவிட்டு நீ எழுதிய பழைய கடிதத்தை மீண்டும் வாசித்தேன். 1957 இல் அவர் தனியாளாகத் தொடங்கியது இன்றும் நிலைத்திருப்பதற்கு, உடைந்த ஓடு, பீங்கான், வளையல் என வெயிலுக்கு அசையாதவற்றைச் சீமெந்தில் பதித்ததும் ஒரு காரணம் என இப்போது விளங்குகிறது. பீடத்தின் நான்கு பக்கங்களையும் அவ்வாறே பதிக்க எண்ணியுள்ளோம்.

வாடை தொடங்குமுன் ஒருமுறை வந்துபோ. பின்னங்கால் கம்பி துருப்பிடிக்கிறது. உன் கண் அதைப் பார்க்க வேண்டும். வரும்போது உன் வீட்டில் உடைந்த கோப்பை, தட்டு இருந்தால் எறியாமல் கொண்டு வா.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்