இத்தாலியை மட்டும் ஏன் வெளிய அனுப்பணும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஐரோப்பாவுல ஆறு நாட்டு டீமுங்க வருஷா வருஷம் ஆடுற சிக்ஸ் நேஷன்ஸ் ரக்பி போட்டி பத்தி உங்க விளையாட்டுப் பக்கத்துல வந்த கட்டுரையைப் படிச்சேன். ரக்பிக்கு ஒரு தமிழ்ப் பேப்பர்ல இவ்ளோ இடம் கிடைச்சதே பெரிய சந்தோஷம், ஆனா இத்தாலியைத் தூக்கிட்டு ஜார்ஜியாவைச் சேர்க்கணும்னு எழுதியிருந்தத என்னால ஏத்துக்கவே முடியல.

1883ல இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்துன்னு நாலு டீமோட ஆரம்பிச்ச போட்டி இது. 1910ல பிரான்ஸ் வந்துச்சு, வந்த வருஷம் எல்லா மேட்ச்சும் தோல்வி. அடுத்த வருஷம் ஸ்காட்லாந்தை 16-15னு ஒரே பாயின்ட்ல ஜெயிச்சாங்க, ஆனா யாரோடயும் பங்கு போடாம சாம்பியன் ஆக 1959 வரைக்கும் ஆச்சு. நடுவுல அவங்களை ஒதுக்கி வச்ச வருஷங்களையும் உலகப் போர் நடந்த வருஷங்களையும் கழிச்சாக்கூட ரொம்ப காலம்தான். 2000ல உள்ள வந்த இத்தாலி விஷயத்துல மட்டும் ஏங்க இவ்ளோ அவசரம்?

இந்தப் போட்டியில இத்தாலி தொடர்ந்து 36 மேட்ச் தோத்தாங்க, உண்மைதான். அது முடிஞ்ச விதத்தையும் எழுதியிருக்கலாமே. 2022 மார்ச், கார்டிஃப், கடைசி நிமிஷம், வேல்ஸ் 21-15னு முன்னாடி இருக்கு, இத்தாலியோட ஒல்லிப் பையன் கப்புவோஸோ தன் பாதியில ஓரமா பந்தை வாங்கி ஆளுங்களை ஏமாத்திட்டு ஓடி, புடிபடுற நேரத்துல உள்பக்கமா தன் டீம் பதோவானிகிட்ட கொடுக்க அவர் ட்ரை வச்சார் (எதிரணிக் கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில வைக்கறது, 5 பாயின்ட்), கார்பிஸி கன்வர்ஷன் (ட்ரைக்கு அப்புறம் கம்பத்துக்கு நடுவுல உதைக்கறது, 2 பாயின்ட்) அடிச்சதும் 22-21னு இத்தாலி ஜெயிச்சுது! வேல்ஸோட ஜாஷ் ஆடம்ஸ் தனக்குக் கிடைச்ச ஆட்ட நாயகன் மெடலையே கொண்டுபோய் கப்புவோஸோவுக்குக் கொடுத்துட்டார். ரக்பின்னா எனக்கு அதுதான்.

2024ல ஸ்காட்லாந்து, வேல்ஸ் ரெண்டு பேரையும் ஜெயிச்சு பிரான்ஸோட டிரா பண்ணுச்சு இத்தாலி. 2024, 2025 ரெண்டு வருஷமும் கடைசி இடம் வேல்ஸுக்குத்தான். கடைசியா வர்றவங்க போகணும்னா அவங்கதான போகணும், அதை மட்டும் யாரும் எழுதறதில்ல.

ஜார்ஜியா மேல எனக்கு நிறைய மரியாதை உண்டு, அவங்க ஸ்க்ரம்முக்கு (ரெண்டு டீமும் குனிஞ்சு தோளோட தோள் முட்டி பந்துக்காகத் தள்ளுறது) பயப்படாத டீமே கம்மி. 2022ல இத்தாலியை 28-19, அப்புறம் வேல்ஸை கார்டிஃப்லயே 13-12னு ஜெயிச்சவங்க. பெரிய டீமுங்க வருஷா வருஷம் ஜார்ஜியாவோட தலைநகர் திபிலிசிக்குப் போய் அவங்களோட ஆடட்டும், அதுதான் அவங்களுக்கு உடனே வேண்டியது, இத்தாலியோட இடத்தைப் புடுங்கிக் கொடுக்கறது இல்ல.

அடுத்த சீசன்ல ஸ்கோரோட பாயின்ட் டேபிளையும் முழுசா போடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு ரக்பி ரசிகன்