சந்தேகத்தைக் காட்டிய திரைச்சீலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மௌனப் படக் காலத்துக் குடும்பக் கதைகளைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையில், கணவனின் சந்தேகத்தைக் காட்ட அன்றைய நடிகர்களுக்குக் கண்ணை உருட்டுவதையும் மார்பில் அறைந்துகொள்வதையும் விட்டால் வேறு வழி இருக்கவில்லை என்று எழுதப்பட்டிருந்தது. பல படங்களுக்கு அது பொருந்தும்தான். ஆனால் 1923இல் ஜெர்மனியில் ஆர்தர் ராபிசன் இயக்கிய 'ஷாட்டன்' (நிழல்கள்) படத்தை நினைவில் வைத்திருந்தால், கட்டுரையாளர் இவ்வளவு பொதுப்படையாக எழுதியிருக்க மாட்டார்.

அதில் விருந்துக்கு வந்த ஆண்கள் வீட்டுத் தலைவியின் பின்னால் நின்று, அவளுடைய உடலின் வடிவைக் காற்றில் வரைவதுபோல் விளையாட்டாகக் கையசைக்கிறார்கள். திரைச்சீலைக்கு இப்பாலிருந்து அதில் விழும் நிழல்களை மட்டும் பார்க்கும் கணவனுக்கோ அந்தக் கைகள் அவளைத் தடவுவதாகவே தெரிகிறது. தொட்டுக்கொண்டவை நிழல்கள் மட்டுமே. கணவனாக நடித்த ஃபிரிட்ஸ் கோர்ட்னரின் நடிப்பு அடக்கமானதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனினும் அவருடைய சந்தேகத்தை நமக்கும் தொற்றவைப்பது அவர் முகமன்று, அந்தத் திரைச்சீலைதான். மனைவி முற்றிலும் மாசற்றவள் என்றும் படம் சாதிப்பதில்லை. அவள் மனம் ஓர் இளைஞன்பால் சாய்வதையும் நாம் பார்க்கிறோம்.

பிறகு அங்கு வரும் நிழற்கூத்துக் கலைஞன் ஒருவன், இந்தப் பொறாமை இப்படியே வளர்ந்தால் என்ன நேரும் என்பதை அவர்களுக்கே ஒரு கனவுபோல் காட்டுகிறான்: கட்டிப்போடப்பட்ட மனைவியை விருந்தினரின் வாள்களாலேயே கணவன் குத்தவைக்கிறான், அவர்களோ அவனைச் சன்னல் வழியே தூக்கி எறிகிறார்கள். தொடக்கத்தில் பாத்திரங்களை அறிமுகப்படுத்திய பின் இவ்வளவையும், மௌனப் படங்களில் காட்சிகளுக்கு இடையே வசனத்தையும் விளக்கத்தையும் காட்டும் எழுத்து அட்டைகளின் துணையின்றியே படம் சொல்லிவிடுகிறது. பேசும் படமாக இருந்திருந்தால், "நீங்கள் நினைப்பதுபோல் ஒன்றுமில்லை" என்று யாராவது ஒருவர் சொல்லி, அந்தத் திரைச்சீலைக் காட்சியைக் கெடுத்திருப்பார்கள்.

அடுத்த ஆண்டே ஹாலிவுட்டில் எர்ன்ஸ்ட் லூபிட்ச் எடுத்த 'தி மேரேஜ் சர்க்கிள்' இதற்கு நேர்மாறானது. கதை வியன்னாவில் நடக்கிறது. அடோல்ஃப் மென்ஷூ நடித்த பேராசிரியர் தம் காலுறையின் ஓட்டையைப் பார்ப்பதிலேயே அந்த இல்லறத்தின் நிலை விளங்கிவிடுகிறது. மனைவிமேல் சந்தேகம் எழும்போது அவர் குமுறுவதில்லை. விவாகரத்துக்கு வழி பிறந்ததென்று உள்ளூர மகிழ்ந்து, துப்பறிவாளர் ஒருவரை அமர்த்துகிறார். இங்கே கண்ணும் உருளவில்லை, மார்பும் அறைபடவில்லை.

கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமாயின், இவ்விரு படங்களையும் கருத்தில் கொள்ளுமாறு கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.