எந்த சிஸ்டம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்பவன் நான். முப்பது சிஸ்டம், ஒரு நாளைக்கு மூன்று பேட்ச். "சார், நேத்து சேவ் பண்ணின புரோகிராமைக் காணோம்" என்று ஒரு பெண் வந்து நிற்பாள். எந்த சிஸ்டம்மா என்றால், "ஃபேனுக்குக் கீழே சார்" என்பாள். ஃபேன் ஆறு இருக்கிறது.

ஸ்டிக்கர் ஒட்டக் கூடாதா என்பீர்கள். மானிட்டரில் ஒட்டினோம். சித்திரை வெயிலில் பசை இளகிப் பாதி விழுந்தது. மீதியைப் பிள்ளைகள் நகத்தால் சுரண்டினார்கள். அது கூடப் பரவாயில்லை. ஒரு மானிட்டர் போனால் பக்கத்து மானிட்டரைக் கழற்றி மாட்டுவோம், ஸ்டிக்கரும் கூடவே போய்விடும். போன வருடம் சர்வீஸுக்கு வந்த பையன் ‘12’ என்ற ஸ்டிக்கரை நம்பி, நன்றாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியின் ஹார்ட் டிஸ்கை அழித்துப் புதிதாக விண்டோஸ் ஏற்றிவிட்டான். நான்கு பேரின் புராஜெக்ட் அதோடு போயிற்று. பையனைத் திட்டி என்ன பயன்? நம்பர் தந்தது நாங்கள்தானே.

அதன் பிறகுதான் ஒவ்வொரு பெட்டியின் பெயரையும் லாகின் திரையிலேயே போட்டேன். பைசா செலவில்லை. விண்டோஸில் லோக்கல் செக்யூரிட்டி பாலிசி என்ற அமைப்புப் பகுதிக்குள் போனால், லாகினுக்கு முன் காட்ட ஒரு தலைப்பும் செய்தியும் எழுத இடம் இருக்கிறது. ஹோம் பதிப்பில் அது கிடையாது. விண்டோஸின் உள் அமைப்புகளைச் சேர்த்து வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டும். லினக்ஸில் க்னோம் என்ற ஐகான், மவுஸ் உள்ள திரை வைத்திருந்தால், அதன் லாகின் திரையில் செய்தி காட்ட பேனர் உண்டு, தமிழும் அழகாக வரும். எங்கள் லினக்ஸ் பெட்டிகள் பத்தும் ஐகான், மவுஸ் இல்லாத கறுப்புத் திரையில் லாகின் ஆகிறவை, அங்கே தமிழ் வராது. அவற்றுக்கு ‘இடிசி’ அடைவில் ‘இஷ்யூ’ என்றொரு கோப்பு. அதில் பின்சாய்கோடும் சின்ன ‘என்’ எழுத்தும் போட்டுவிட்டால் ஒவ்வொரு பெட்டியும் தன் பெயரைத் தானே காட்டும்.

காட்டியது. பத்தும் ‘லேப்-01’ என்றே காட்டியது! ஒரே டிஸ்கை, பெயரும் சேர அப்படியே நகலெடுத்து (குளோன் செய்து) பத்திலும் ஏற்றியதை மறந்துவிட்டேன். பிள்ளைகள் சிரித்து ஓய்ந்த பிறகு, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பெயர் மாற்றினேன். இப்போது ‘பி-4’ என்றால் இரண்டாம் வரிசையில் நான்காவது.

பெயர், அறை எண், புகார் சொல்ல ஆய்வக இன்டர்காம் எண் – இவ்வளவு போதும். ஒரு பயிற்சி மையத்தில் பாஸ்வேர்டையே திரையில் போட்டிருந்ததைப் பார்த்தேன். இன்னோர் இடத்தில் பொறுப்பாசிரியையின் சொந்த செல் நம்பர். லாகின் ஆகாதவரும் படிக்கிற இடம் அது என்று யாருக்கும் தோன்றவில்லை போலும்.

புதிதாக ஆய்வகம் போடுகிற நிர்வாகங்களுக்கு ஒன்று சொல்வேன்: சப்ளை செய்கிறவர் எல்லாப் பெட்டிக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, அது திரையில் வருகிறதா என்று காட்டாமல் டெலிவரி சலானில் கையெழுத்துப் போடாதீர்கள். அப்புறம் செய்துகொள்ளலாம் என்று விட்டால் அந்தச் சாயங்காலம் உங்கள் ஊழியர் தலையில்தான் விடியும்.

நேற்று ஒரு முதலாண்டுப் பையன் வாசலில் நின்றே சொன்னான்: "சார், பி-4ல ஸ்பேஸ் பார் அழுந்தல." நான் எழுந்து நேராக பி-4க்குப் போனேன்.

இப்படிக்கு,
ஆய்வக உதவியாளர் ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.