பை காக்க ஒரு மேடம், பயிற்சிக்கு ஒரு சார்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்லூரி மகளிர் அணி கோப்பை வென்றால் உங்கள் மாவட்டப் பக்கத்தில் படம் போடுகிறீர்கள். சந்தோஷம். அந்தப் படங்களைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முன்வரிசையில் பிள்ளைகள் கோப்பையோடு முட்டிபோட்டிருப்பார்கள். பின்னால் தாளாளர், செயலாளர், உடற்கல்வி இயக்குநர், பயிற்சியாளர் என்று வரிசையாக ஆண்கள். ஓரத்தில் கைப்பையோடு ஒரு பேராசிரியை. பெரும்பாலும் தமிழ்த் துறையோ கணிதத் துறையோ. பிள்ளைகளுக்குத் துணைக்கு வந்தவர்.

நான் கல்லூரியில் கபடி ஆடியவள். எங்களோடு வந்த மேடத்தின் வேலை, ஆட்டத்துக்கு முன்னால் நாங்கள் கழற்றித் தரும் கம்மல், வளையல், கொலுசை எல்லாம் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொள்வது. தங்கமான மனுஷி. ஆனால் போனஸ் கோடு எது என்று கேட்டால் தெரியாது. அவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. மாதவிடாய் நாளில் ஒருத்திக்கு வயிற்று வலி என்றால் அவரிடம்தான் சொல்வோம். அவரால் ஆளை மாற்ற முடியாது. மாற்றக்கூடிய சாரிடம் நாங்கள் வாய் திறக்க மாட்டோம். வலியோடு இறங்கி ஆடுவோம். இப்போது என் மகள் கல்லூரியில் கால்பந்து ஆடுகிறாள். ஏற்பாடு அப்படியே இருக்கிறது.

கேட்டால், "பெண்கள் யாரும் விண்ணப்பிப்பதில்லையே" என்பார்கள். பி.பி.எட்., எம்.பி.எட். என்று உடற்கல்விப் பட்டம் முடித்த பெண்கள் நம் குமரி மாவட்டத்தில் இல்லாமலா? எனக்குத் தெரிந்த பலர் தனியார் பள்ளிகளில் பி.டி. டீச்சர். அங்கே வேலை மாலை நாலரைக்கு முடிந்துவிடும். கல்லூரிப் பயிற்சி விடிகாலையிலும் ஐந்து மணிக்குப் பிறகும். சீசனுக்கு மட்டும் தரும் சொற்பத் தொகைக்காக, இருட்டிய பிறகு பஸ்ஸுக்குக் காத்து நிற்க யாருக்குக் கட்டுப்படியாகும்? அப்புறம், இந்த வேலைக்கு விளம்பரம் வந்து நான் பார்த்ததே இல்லை. யாரோ யாரையோ சொல்லி அழைத்து வருகிறார்கள். தூத்தூர் பக்கமெல்லாம் கால்பந்து ஊர் உயிர். ஊர்க் கிளப்பில் ஆடி, சின்னப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அந்த அறிமுகத்தில் கல்லூரி மைதானத்துக்குள் வருகிறவர்கள் உண்டு. தவறில்லை. ஆனால் பெண்களுக்கு அப்படி ஒரு கிளப் எங்கே இருக்கிறது? டி.சி. வாங்கும் நாளோடு அவர்கள் ஆட்டமும் முடிந்தது.

ஆடுகிற பெண்கள் பெருகினால் பயிற்சியாளர்களும் தானாக வருவார்கள் என்பதையும் நான் நம்பவில்லை. அமெரிக்காவில் 1972-இல், கல்வி நிலையங்களில் ஆண்-பெண் பாகுபாடு கூடாது என்ற டைட்டில் நைன் சட்டம் வந்தபோது, கல்லூரி மகளிர் அணிகளில் 90 சதவீதத்துக்கு மேல் பெண்களே பயிற்சி கொடுத்தார்கள். சட்டம் வந்ததும் ஆடும் மாணவிகள் பல மடங்கு பெருகினார்கள், பணமும் வந்தது. சம்பளம் கூடியதும் ஆண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்று அங்கே மகளிர் அணிகளில் பாதிக்கும் குறைவானவற்றுக்கே பெண் பயிற்சியாளர். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் பெண்கள். பயிற்சியாளர்களில் 13 சதவீதம்தான். இந்திய மகளிர் கால்பந்து அணிக்கு முதல் பெண் தலைமைப் பயிற்சியாளராக மேமோல் ராக்கி வரவே 2017 ஆகிவிட்டது. 2022-இல் பி.டி.உஷா இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவரானது பெருமைதான். டெல்லியில் நடந்தது இன்னும் நாகர்கோவில் வந்து சேரவில்லை.

ஆண் பயிற்சியாளர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்குக் கபடி கற்றுத் தந்தவரும் ஒரு சார்தான், நன்றாகவே கற்றுத் தந்தார். நான் கேட்பது வேறு. துணைக்கு ஆள் அனுப்பும் இடத்தில், அந்தக் கல்லூரியின் முன்னாள் வீராங்கனை ஒருவரை உதவிப் பயிற்சியாளர் என்ற பெயரோடும் ஊதியத்தோடும் போடுங்கள். யாரை இறக்குவது, யாரை உட்கார வைப்பது என்பதில் அவர் பேச்சும் எடுபட வேண்டும். மாலைப் பயிற்சி முடிந்து வீடு திரும்ப ஆட்டோக் காசு கொடுங்கள். அபிஷேகப்பட்டியில் நம் கல்லூரிகள் இணைந்துள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் மகளிர் அணித் தேர்வு நடக்கும்போது, ஆடிப் பழகிய பெண்களும் தேர்வுக் குழுவில் உட்காரட்டும். கல்லூரி அளவில் இதற்கு அரசாணை எதுவும் வேண்டாம். நிர்வாகக் குழுவில் ஒரு தீர்மானம் போட்டால் அடுத்த சீசனுக்கே செய்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் கபடி வீராங்கனை,
தக்கலை.