முதல் ஸ்கூபா பயணம்: எதை வாங்குவது, எதை வாடகைக்கு எடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறை வந்துவிட்டால் சென்னையிலிருந்து அந்தமான் போகும் விமானத்தில் இடம் கிடைப்பதே பெரும்பாடு. போகிறவர்களில் பலர் ஹேவ்லாக்கில், அதாவது 2018 முதல் ஸ்வராஜ் தீவு என்று பெயர் மாறிய தீவில், நாலு நாள் தங்கி ஸ்கூபா (காற்றுச் சிலிண்டரைச் சுமந்து கடலுக்குள் முக்குளிப்பது) கற்றுக்கொள்ளும் எண்ணத்தோடு போகிறார்கள். எந்தக் கப்பல், எந்த விடுதி என்பதெல்லாம் பயணப் பக்கங்களில் விவரமாக வருகிறது. கடலுக்குள் இறங்குகிறவர் என்னென்ன வாங்கிக்கொண்டு போக வேண்டும் என்பது வருவதில்லை. அந்த இடத்தை இணைய விற்பனைத் தளங்கள் பிடித்துக்கொண்டு, ‘ஃபுல் செட்’ என்ற பெயரில் ஒரு சாக்குப்பை நிறையத் தலையில் கட்டுகின்றன. எனவே இந்தக் கடிதம்.

முகத்தில் படுவதும் காலில் மாட்டுவதும் சொந்தமாக இருக்கட்டும். முதுகில் சுமப்பது வாடகையாகவே இருக்கட்டும். முதல் பயணத்துக்கு இந்தக் கணக்குப் போதும்.

முதலில் மாஸ்க். பட்டையை முன்பக்கம் மடித்துவிட்டு, மாஸ்க்கை முகத்தில் மெல்ல வைத்து, மூக்கால் லேசாக மூச்சை இழுத்து அடக்குங்கள். கையை எடுத்தாலும் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். சில நொடிகளில் ஒரு ஓரமாகக் காற்று நுழைந்தால், கடலில் தண்ணீர் நுழையப்போவதும் அதே ஓரம்தான். ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றை மூச்சுக்குத் தரும் கருவி) வாயில் கடிக்கும்போது கன்னமும் மேலுதடும் இழுபடும் என்பதால், வாயில் ஒரு ஸ்நார்க்கலை (நீர்மட்டத்தில் மூச்சுவிட உதவும் குழாய்) வைத்துக்கொண்டு இன்னொரு முறை பாருங்கள். விளிம்பு சிலிகானாக இருக்க வேண்டும், பி.வி.சி. விளிம்பு விறைப்பானது, முகத்தோடு படியாது. கண்ணாடி டெம்பர்டு கிளாஸ்தானா என்று பாருங்கள். இத்தனையும் சரியாக இருந்தால் விலை குறைந்த மாஸ்க்கே போதும்.

மூக்கு மாஸ்க்குக்குள் இருந்தாக வேண்டும். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டு மடங்கு. மாஸ்க்குக்குள் சுருங்கும் காற்றை மூக்கால் கொஞ்சம் ஊதி நிரப்பாவிட்டால் கண்ணின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் உடைந்து வெள்ளைவிழி சிவந்துபோகும். நீச்சல்குளக் கண்ணாடியோடு ஸ்கூபாவுக்கு இறங்கக்கூடாது என்பது இதனால்தான். முகம் முழுவதும் மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க்கும் ஆகாது. அதில் ரெகுலேட்டரை வாயில் வைக்க வழியில்லை. மூக்கைப் பிடித்து ஊதிக் காதின் அழுத்தத்தைச் சமன்செய்யவும் முடியாது. காது அடைப்பான் வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை: அடைப்பானுக்கும் செவிப்பறைக்கும் நடுவில் சிக்கிய காற்றைச் சமன்செய்ய வழியே கிடையாது.

மீசை நம்மூர் ஆண்கள் லேசில் விட்டுக்கொடுக்காத சமாசாரம். முழுக்க மழிக்கத் தேவையில்லை. மூக்குக்குக் கீழே, விளிம்பு உட்காரும் இடத்தில் ஒரு நெல்மணி அகலத்துக்கு மழித்தால் போதும். வாசலின் தடவச் சொல்வார்கள். வேண்டாம், பெட்ரோலியப் பொருள் ரப்பரைக் கெடுக்கும். சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவலாம். கசிந்தால் பட்டையை இறுக்குவதுதான் எல்லோருக்கும் வரும் முதல் யோசனை. இறுக்க இறுக்க விளிம்பு கோணிக்கொண்டு இன்னும் கசியும். பெரும்பாலும் விளிம்புக்கு அடியில் ஒரு முடிக்கற்றை மாட்டியிருக்கும், அவ்வளவுதான்.

புது மாஸ்க்கின் கண்ணாடியில், தயாரிக்கும்போது படிந்த மெல்லிய சிலிகான் படலம் இருக்கும். அதைப் போக்காமல் போனால் இறங்கிய இரண்டாவது நிமிடமே பனிமூட்டம்தான். வெள்ளைப் பற்பசையை (ஜெல் அல்ல) உள்பக்கம் தடவி விரலால் சில நிமிடம் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். லைட்டர் நெருப்பைக் காட்டும் வித்தையைப் புதியவர்கள் செய்ய வேண்டாம், சிலிகான் கருகும். உள்பக்கம் பூச்சுள்ள கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் பவர் லென்ஸுக்கும் பற்பசை ஆகாது, கீறல் விழும். இறங்கும் நாளன்று தண்ணீர் கலந்த பேபி ஷாம்பு இரண்டு சொட்டுப் போதும். எச்சிலும் வேலை செய்யும், காசும் மிச்சம்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் இரண்டு தனிக் கண்ணாடி உள்ள மாஸ்க்கை வாங்க வேண்டும்; அதில்தான் பவர் லென்ஸைக் கழற்றி மாட்ட முடியும். ஒற்றைக் கண்ணாடியானால் ஒட்டித்தான் தர வேண்டும். ஆயத்த லென்ஸ்கள் பொதுவாக 0.5 இடைவெளியில் வரும், கண் சீட்டில் ‘சிலிண்டர்’ என்று தனியாக எழுதும் பவர் அதில் இருக்காது. அந்தச் சிலிண்டர் பவரில் பாதியைப் பவரோடு கூட்டிக்கொள்வது வழக்கம்: பவர் மைனஸ் 3, சிலிண்டர் மைனஸ் 1 என்றால் மைனஸ் 3.5. கணக்கு இரண்டு லென்ஸுக்கு நடுவில் விழுந்தால் குறைந்த பவரை எடுக்கலாம்; தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவே தெரியும். வாங்குமுன் கண் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். மென்மையான கான்டாக்ட் லென்ஸோடும் இறங்கலாம், ஆனால் மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளப் பழகியிருக்க வேண்டும்.

காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ் இரண்டு வகை. வெறுங்காலில் செருப்புப்போல நுழைப்பது ஒன்று. பூட்ஸ் போட்டுக் குதிகாலில் பட்டை மாட்டுவது இன்னொன்று. படகிலிருந்து குதிப்பதானால் முதல் வகை போதும். ஜோடி 2 கிலோவுக்குள் அடங்கும். கரையிலிருந்து கல்லிலும் பவளத்துண்டுகளிலும் நடந்து இறங்க வேண்டிய இடமானால் பூட்ஸ் தேவை. அப்போது பூட்ஸை முதலில் வாங்கி, அதைப் போட்டுக்கொண்டுதான் ஃபின் அளவு பார்க்க வேண்டும். விரல்கள் மடங்காமல் அசைய வேண்டும், குதிகால் கழலக்கூடாது. இறுக்கமென்றால் கெண்டைக்காலில் சதைப்பிடிப்பு, தளர்வென்றால் கொப்புளம். கொஞ்சம் தளர்வாக வாங்கிவிட்டால் நியோப்ரீன் சாக்ஸ் சமாளிக்கும்; இறுக்கத்துக்கு மருந்தில்லை. மூச்சடக்கி முக்குளிப்பவர்கள் போடும் நீளமான ஃபின் பார்க்க அழகு. சிலிண்டரோடு, பவளப்பாறைகளுக்கு நடுவே அது வம்பு. ஃபின்னை நுனி தரையில் ஊன்றும்படி சாத்திவைத்தால் பிளேடு வளைந்துவிடும்.

வெட்சூட், அதாவது உடம்புச் சூட்டைக் காக்கும் ரப்பர் உடை, வாடகைக்குக் கிடைக்கும். அந்தமான் கடல் 27 முதல் 30 டிகிரி, அதற்கு 3 மி.மீ. தடிமன் தாராளம். வெதுவெதுப்பான தண்ணீருக்கு எதற்கு இது என்று கேட்கலாம். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உறிஞ்சும். அன்றைய மூன்றாவது டைவில் பல் தந்தியடிக்கும். இரவல் உடை பிடிக்காதவர்கள் சொந்தமாக வாங்கலாம். மார்பளவே முதல் கணக்கு. இடுப்புக்குப் பின்னால் துணி உப்பி நின்றால் அங்கே தண்ணீர் புகுந்து புகுந்து வெளியேறும், சூடு தங்காது. காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். வெயிலில் காயப்போடாதீர்கள்.

பணம் மிச்சமிருந்தால் கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் வாங்குங்கள், ரெகுலேட்டரை அல்ல. எந்த ஆழத்தில் இன்னும் எத்தனை நிமிடம் இருக்கலாம், மேலே வரும் வேகம் அதிகமா என்பதை அது சொல்லும். நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேகம் கூடாது. 5 மீட்டரில் 3 நிமிடம் நின்றுவிட்டு மேலே வர வேண்டும். ஒரு கம்ப்யூட்டரை இரண்டு பேர் பகிரக்கூடாது. இது பலருக்குத் தெரிவதில்லை: உங்கள் உடம்பில் எவ்வளவு நைட்ரஜன் தங்கியிருக்கிறது என்பதை அது முந்தைய டைவ்களை வைத்துத்தான் கணக்கிடுகிறது. நேற்று வேறொருவர் கையில் இருந்த கருவி இன்று உங்களுக்குக் காட்டுவது அவருடைய கணக்கு. வாடகைக்கு எடுத்தால் கடைசி நாள் வரை அதே எண்ணுள்ள கருவியைக் கேட்டு வாங்குங்கள். வாங்குவதானால் நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் கூடுதலான காற்று) வசதி, இருட்டில் தெரியும் திரை, நீங்களே மாற்றக்கூடிய பேட்டரி, இந்த மூன்றையும் பாருங்கள். பேட்டரி மாற்றும்போது ஓ-ரிங்கில் (தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு தலைமுடி சிக்கினாலும் உள்ளே உப்புத் தண்ணீர் இறங்கிவிடும்.

உடம்பில் தங்கிய நைட்ரஜன் வெளியேற, விமானம் ஏறுமுன் காத்திருக்க வேண்டிய நேரமும் கம்ப்யூட்டரில் தெரியும். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம். பல டைவ் அல்லது பல நாள் என்றால் குறைந்தது 18. டிக்கெட் எடுக்கும்போதே கடைசி நாளைக் கரைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

ரெகுலேட்டரை ஏன் வாங்க வேண்டாம் என்கிறோம்? ஆண்டுக்கு ஒரு முறையோ, தயாரிப்பாளர் சொல்லும் கெடுவிலோ அதைப் பிரித்துப் பழுதுபார்க்க வேண்டும். அந்த மாடலைப் பிரிக்கப் பயிற்சி பெற்றவரும் உதிரிபாகமும் உங்கள் ஊரில் கிடைக்காவிட்டால் அது அலமாரியில் கிடந்தே கெட்டுப்போகும். சிலிண்டரோடு இணையும் முறையும் இரண்டு: வால்வை மேலிருந்து கவ்வும் யோக், உள்ளே திருகி ஏறும் டின். போகிற இடத்துச் சிலிண்டருக்கு எது பொருந்தும் என்று தெரியாமல் வாங்கினால் அடாப்டர் தேடி அலைய வேண்டும். இணையத்தில் மலிவாக வரும் பழைய ரெகுலேட்டருக்குச் சர்வீஸ் செலவு வாங்கிய விலையைத் தாண்டலாம். பி.சி.டி.யை (காற்றை ஏற்றி இறக்கி மிதப்பைக் கட்டுப்படுத்தும் சட்டை) வேண்டாம் என்பதற்குக் காரணம் இன்னும் எளிது: அது பருமன், கனம். பெரும்பாலான உள்நாட்டு எகானமி டிக்கெட்டில் பெட்டிக்கு 15 கிலோதான். தண்ணீரில் அமிழ எடைக்குக் கட்டும் ஈயக்கட்டியை யாரும் சுமந்துகொண்டு போவதில்லை என்று நம்புகிறோம்.

வாடகைப் பொருளை வாங்கி அப்படியே மாட்டிக்கொள்ளாதீர்கள். சிலிண்டர் வால்வைத் திறக்கும்போது அழுத்தமானியின் முகப்பு உங்களைப் பார்க்காமல் இருக்கட்டும். திறந்தபின் 200 பாருக்கு (பார் என்பது அழுத்த அளவு) அருகில் காட்ட வேண்டும். முள்ளைப் பார்த்துக்கொண்டே ரெகுலேட்டரில் நாலைந்து முறை ஆழமாக மூச்சிழுங்கள். முள் ஆடாமல் நின்றால் சரி. மூச்சிழுக்கும்போதெல்லாம் கீழே இறங்கி மறுபடி ஏறினால் வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று பொருள். மேலே இது பெரிதாகத் தெரியாது. 15 மீட்டரில் ஒவ்வொரு மூச்சுக்கும் இரண்டரை மடங்கு காற்று வேண்டும், அங்கேதான் திணறும். எண்ணெய் நெடியோ புகை நெடியோ அடித்தால் அந்தச் சிலிண்டரே வேண்டாம். மஞ்சள் நிற மாற்று ரெகுலேட்டரிலும் மூச்சுவிட்டுப் பாருங்கள். அது உங்களோடு இறங்கும் துணைவருக்கான உயிர்.

வாயில் கடிக்கும் ரப்பர் கிழிந்திருக்கிறதா, அதைக் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டை இருக்கிறதா என்று பாருங்கள். டை இல்லையென்றால் தண்ணீருக்கடியில் ரெகுலேட்டர் கழன்று ரப்பர் மட்டும் வாயில் நிற்கும். பி.சி.டி.யை முழுக்க ஊதி ஐந்து நிமிடம் வைத்தால் தொய்யக்கூடாது. காற்றேற்றும் பொத்தானை அழுத்தி விட்டவுடன் அது மேலே வந்துவிட வேண்டும். உப்புப் படிந்து உள்ளேயே நின்றுவிட்டால் காற்று ஏறிக்கொண்டே போய் உங்களை மேலே தூக்கி எறியும். எடைக்கு ஒரு சின்னக் கணக்கு: 11 லிட்டர் அலுமினியச் சிலிண்டரில் 200 பார் காற்று 50 பாராகக் குறையும்போது சுமார் 2 கிலோ கனம் போய்விடும். தொடக்கத்தில் மட்டும் பார்த்து எடை கட்டினால் கடைசியில், 5 மீட்டரில் நிற்க வேண்டிய நேரத்தில், மிதந்துவிடுவீர்கள்.

டார்ச்சைக் கைப்பையில், பேட்டரியைக் கழற்றித் தனியாக எடுத்துச் செல்லுங்கள். உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்குப் பெட்டியில் போட அனுமதியில்லை. மாஸ்க்கும் கம்ப்யூட்டரும் கைப்பையில்தான். கையுறை வேண்டாம், போட்டால் எதையாவது பிடிக்கத் தோன்றும். பவளம் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது.

கடைசியாக, காசில்லாமல் தயார் செய்ய வேண்டிய ஒன்று: மருத்துவக் கேள்வித்தாள். ஆஸ்துமா, காது அறுவைச் சிகிச்சை, இதயநோய், வலிப்பு போன்றவற்றில் எதற்காவது ‘ஆம்’ என்றால் மருத்துவர் கையெழுத்து இல்லாமல் பயிற்சி மையம் தண்ணீரில் இறக்காது. பயிற்சி மையத்திடமிருந்து அதை முன்கூட்டியே வாங்கி, உங்கள் வரலாறு தெரிந்த மருத்துவரிடம் ஊரிலேயே கையெழுத்துப் பெறுங்கள். தீவில் போய் அந்தத் தாளை முதன்முதலாகப் பார்த்தால், ‘இல்லை’ என்று பொய் எழுதத்தான் கை போகும்.

இப்படிக்கு,
ஸ்கூபா பயிற்றுநர்கள் சிலர்,
புதுச்சேரி.