காருக்குள் சிக்கிய சிடி

கண்ணா,

போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே "அம்மா, மீட்டிங்" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பழைய காரை நன்கொடையாகக் கொடுத்துவிடலாம் என்று அப்பா சுத்தம் செய்யப் போனார். சீட்டுக்கு அடியில் நீ ஹைஸ்கூலில் படிக்கும்போது வைத்திருந்த ஒரு சிடி. கண்ட்ரி பாடகர் வில்லி நெல்சனின் "ஸ்டார்டஸ்ட்" ஆல்பம். ஓடுகிறதா என்று பார்க்கச் செருகினார். ஓடியது, ஆனால் வெளியே வரவில்லை. ரேடியோவுக்கும் மாற முடியவில்லை. நான் கோயிலுக்கும் கடைக்கும் அந்தக் காரில்தானே போகிறேன்? ஆக, மூன்று வாரமாக எனக்கு வில்லி நெல்சனைத் தவிர வேறு கதியில்லை.

இருபத்தைந்து வருஷமாக ஆஸ்டின் பக்கம் இருக்கிறோம். டவுன்டவுனில் அவர் பெயரில் தெரு, அதில் அவர் சிலை. எல்லாம் பார்த்திருக்கிறேன். பாட்டை மட்டும் உட்கார்ந்து கேட்டதில்லை. நீ போட்டால், "என்னடா இது, தூக்கத்தில் பாடுகிற மாதிரி" என்று அணைக்கச் சொல்வேன். ஞாபகம் இருக்கும் உனக்கு.

சிக்னலில் நிற்கும்போது கை சும்மா இருக்குமா? ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். நாலு நாலாக எண்ணுகிற பாட்டுதான், ஒன்றும் கஷ்டமில்லை. ட்ரம்ஸும் பேஸும் கடிகாரம் மாதிரி போகின்றன. இந்த மனுஷன் மட்டும் தட்டு விழுந்த பிறகு, யாரோ வாசலில் கூப்பிட்டுப் பேசிவிட்டு வருகிறவர் மாதிரி, மெதுவாக உள்ளே வருகிறார். போச்சு, விட்டுவிட்டார் என்று நினைத்தால், வரியின் கடைசியில் நாலு வார்த்தையைச் சேர்த்துப் பிடித்துச் சரியான இடத்தில் வந்து நிற்கிறார். அடுத்த வரியில் பார்த்தால் தாளத்துக்கு முன்னாலேயே கிளம்பிவிடுகிறார்!

நம் கிருதிகளிலும் அரை இடம், ஒன்றரை இடம் தள்ளி எடுப்பது உண்டு. ஆனால் எவ்வளவு தள்ளுவது என்பது பாட்டு பிறக்கும்போதே முடிவானது. இவருக்கு அப்படிக் கணக்கே இல்லை, வரிக்கு வரி வேறு. ஒரு வாரம் எனக்கு எரிச்சல். இரண்டாவது வாரம் எண்ணிப் பார்த்தேன், ஒரு இடத்திலும் அவர் தாளத்தைத் தொலைக்கவில்லை. அது எங்கே விழுகிறது என்று நன்றாகத் தெரிந்தவர்தான் அவ்வளவு தூரம் விலகி நடக்க முடியும்.

அப்பா வழக்கம்போல நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்து ராத்திரி சாப்பிடும்போது எனக்குப் பாடம் நடத்தினார். வில்லி நெல்சனின் ஊர் ஆபட், இதே ஐ-35 நெடுஞ்சாலையில் வடக்கே வேகோவைத் தாண்டி. வளர்த்தது தாத்தா பாட்டி. ஆல்பத்தில் பியானோ வாசிப்பது இரண்டு வயது மூத்த அக்கா பாபி. 1977-ல் இவர் கண்ட்ரி பாட்டில் பெரிய ஆள், 'அவுட்லா', அதாவது யாருக்கும் அடங்காதவர், என்று பெயர் எடுத்தாயிற்று. அப்போது போய் இர்விங் பெர்லின், கெர்ஷ்வின், ஹோகி கார்மைக்கேல் மெட்டமைத்தவை என்று அவருடைய அப்பா அம்மா காலத்துப் பாட்டாகப் பாடுகிறேன் என்றால் ரெக்கார்டு கம்பெனிக்காரர்கள் தயங்கத்தானே செய்வார்கள்? எதைப் பாடுவது என்று தீர்மானிக்கும் உரிமையை முன்பே ஒப்பந்தத்தில் வாங்கி வைத்திருந்ததால் பிழைத்தார். அரேஞ்ச் செய்தது மாலிபுவில் பக்கத்தில் குடியிருந்த புக்கர் டி. ஜோன்ஸ், மெம்பிஸ் சோல் இசையில் ஆர்கன் வாசித்துப் பேர் வாங்கியவர். கலிபோர்னியாவில் ஒரு வீட்டில், வாசலில் ஒலிப்பதிவு லாரியை நிறுத்தி, பத்து நாளில் முடித்துவிட்டார்கள். 1978-ல் வந்தது, கண்ட்ரி ஆல்பம் பட்டியலில் சுமார் பத்து வருஷம் இருந்ததாம். அப்பாவுக்கு இந்த மாதிரி நம்பர் என்றால் சாப்பாடு இறங்கும்.

எனக்கு அட்டைப் படம்தான் பிடித்தது. சூசன்னா கிளார்க் வரைந்த நட்சத்திரக் கூட்டம். பார்த்தவுடனே, "இது நம் கார்த்திகை இல்லையோ?" என்றேன். அதேதான், இங்கே பிளையடீஸ் என்கிறார்கள். ஜாதகம் பார்க்கிறவளுக்கு இதற்கு நூலகம் எதற்கு?

கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஐந்து பாட்டுதான் ஓடும். வண்டியை அணைத்துப் போட்டால் மறுபடி முதல் பாட்டு. போன வெள்ளிக்கிழமை ஐ-35-ல் ஏதோ விபத்து, ஒரு மணி நேரம் நகரவில்லை. அன்றுதான் எட்டாவது பாட்டை முதன்முதலாகக் கேட்டேன், "மூன்லைட் இன் வெர்மான்ட்". அதில் வரிகளின் கடைசி ஒலி ஒத்துப்போகிற இயைபே கிடையாது, கவனித்திருக்கிறாயா? சரணம் மூன்று வரி, ஐந்து, ஏழு, ஐந்து அசை, அப்படியே ஹைக்கூ. எதுகை மோனையோடு வளர்ந்த காதுக்கு அது குறையாகத் தெரிய வேண்டும். எனக்குத் தெரியவில்லை. அடுத்த வார்த்தை இதுதான் என்று ஊகிக்க வழியில்லாததால் அவர் வரும்வரை காத்திருக்கிறோம். சுற்றிலும் ஹாரன். நான் தாளம் போடுவதையே மறந்துவிட்டேன்.

அப்போது உன் ஞாபகம் வந்தது. உனக்குப் பன்னிரண்டு வயது, மோகன வர்ணம். சிட்டை ஸ்வரம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது நீ ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை தாமதமாக வருவாய். நான் தொடையில் அடித்து நிறுத்துவேன், மறுபடி முதலிலிருந்து. ஒரு நாள் நாலு தடவை நிறுத்தினேன். ஐந்தாவது தடவை நீ பாடவில்லை, எழுந்து போய்விட்டாய். அதற்கப்புறம் நான் கூப்பிடவுமில்லை, நீ வரவுமில்லை. அன்று நீ தாளத்தை விட்டாயா, இல்லை வேறு எதையாவது தேடிக்கொண்டிருந்தாயா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. கடைசிவரை பாட விட்டிருந்தால் தெரிந்திருக்கும். விடவில்லை.

நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறைக்கு வரும்போது கிட்டாரை எடுத்து வா. நான் தாளம் மட்டும் போடுகிறேன், நிறுத்த மாட்டேன். எந்தப் பாட்டு என்பது உன் இஷ்டம்.

காரைக் கொடுப்பது தள்ளிப் போகிறது. டேஷ்போர்டைக் கழற்றினால் சிடியை எடுத்துவிடலாம் என்றார் மெக்கானிக். நான் வேண்டாம் என்றேன். அப்பாவுக்குக் கோபம், இரண்டு வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கட்ட வேண்டியிருக்கிறதாம். பார்சலில் மோர்மிளகாயும் நாரத்தங்காயும் வைத்திருக்கிறேன். கிடைத்ததும் ஒரு வார்த்தை எழுது.

அம்மா